பொண்ணு கேட்ட கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் காதை நான் மூடிக்கொண்டால் ஊர் வாயும் சேர்ந்து மூடிக்கொள்ளும் என்று முப்பத்தேழு வயதில் நம்பிய ஆள் நான். சின்னப் பிள்ளைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு "நான் இல்ல, நான் இல்ல" என்று கத்துமே, அந்தக் கட்சி. பிள்ளைகளுக்கு மூன்று வயதில் அது தெளிந்துவிடும். எனக்குத் தெளிவதற்கு ஒரு ப்ளூடூத் ஹெட்போன் வாங்க வேண்டியிருந்தது.

கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு ரைஸ் மில்லில் எடை மேடையில் எனக்கு வேலை. நெல் லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும். எடையைப் பார்த்து, சீட்டு எழுதிக் கிழித்துக் கொடுப்பேன். லாரி இறங்கும், இன்னொன்று ஏறும். முதுகுக்குப் பின்னால் மில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலில் வருஷக்கணக்காக உட்கார்ந்தவனுக்குக் காது என்பது பாதிக் காதுதான். மில்லில் எல்லாருமே கொஞ்சம் செவிடு, அதனால் எல்லாருமே கொஞ்சம் கத்துவோம். வீட்டில் நான் தண்ணீர் கேட்டால் தெருவில் போகிறவர் நின்று, "இன்னா சண்டை?" என்று எட்டிப் பார்ப்பார்.

கல்யாணம் ஆகவில்லை. எத்தனை பெண் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். எங்கள் தாலுக்காவில் எந்த வீட்டுக் கேசரியில் முந்திரி ஜாஸ்தி, எந்த வீட்டு பஜ்ஜியில் வாழைக்காய் கம்மி என்று கேளுங்கள், சொல்கிறேன். பெண் வீட்டில் முதல் கேள்வி, "கவர்மென்ட் வேலைங்களா?" இரண்டாவது கேள்வி வராது. யாராவது எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார்கள்.

அது இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்து ஜனங்கள் ரோட்டில் இறங்கியிருந்த காலம். கூடவே கொரோனா. நோய்க்குப் பயந்து ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குள் இருந்தார்கள், பங்கு கேட்டு மீதிப் பேர் ரோட்டில் இருந்தார்கள். என் அண்ணன் ரோட்டுக் கோஷ்டி. விடிந்ததும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு மறியலுக்குக் கிளம்பிவிடுவார். எங்கள் தெரு முனையிலிருந்துதான் அவர்களுடைய மைக் செட் ஆட்டோ புறப்படும். இரண்டு குழாய் ஸ்பீக்கரும் சரியாக எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "பிச்சை கேக்கல! பங்கு கேக்கறோம்!" என்று முழங்கும். படிப்பில் பங்கு கேட்டார்கள், வேலையில் பங்கு கேட்டார்கள். நியாயம்தான். கல்யாணத்தில் பங்கு கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் அந்தப் போராட்டத்தின் மேல் எனக்கிருந்த ஒரே வருத்தம்.

அந்தச் சமயத்தில்தான் தரகர் ஒரு இடம் கொண்டுவந்தார். பெண் வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சு. நம்ம ஜனம்தான், சொந்த ஊர் சங்கராபுரம் பக்கம். அப்பா அம்மாவோடு மலையிலேயே குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். வயது முப்பத்து மூன்று. முன்பு ஒரு கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோயிருக்கிறது. தரகர் காட்டிய போட்டோ ஆஸ்பத்திரியில் எடுத்தது. மாஸ்க் போட்டிருந்தார், கண் மட்டும் தெரிந்தது. எனக்கு அதுவே ஜாஸ்தி. அங்கே போன என் போட்டோவில் எல்லாமே தெரிந்தது, அதுதான் கவலை.

தரகர் கிளம்பும்போது என் தோளில் கை போட்டார். "தம்பி, இதுக்கு மேல என் கையில எடம் இல்ல. இதுவும் போச்சின்னா மாலைய போட்டுக்கினு எதுனா கோயிலோட போய் செட்டில் ஆயிடு. இன்னா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அந்தப் பெண் சரி என்றால் எனக்கு ஒரு வாழ்க்கை. இல்லை என்றால் எடை மேடை, அம்மா, லாரி.

பெண் பார்க்க நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முந்தின நாள், மலைக்குப் போகும் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, ஜீப் இல்லை. வெட்டிப் போட்டவர்களில் என் கூடப் பிறந்த அண்ணனும் உண்டு. தம்பி பெண் பார்க்கப் போகிற ரோடு. கேட்டதற்கு, "மரம் எதுன்னு பாத்தேன்டா, ரோடு எதுன்னு பாக்கல" என்றார்.

பெண்ணின் அப்பா போன் பண்ணினார். நல்ல நாளை வீணாக்க வேண்டாம், பிள்ளைகள் போனிலேயே பேசிக்கொள்ளட்டும், பிடித்திருந்தால் ரோடு திறந்ததும் நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் வீட்டில் என் தாய் மாமாவுக்கு இது ஏகக் குஷி. "பொண்ணு பாக்கறதுதான் இல்லன்னு ஆச்சு. சரி வுடு மாப்ள, பொண்ணு கேட்டுக்கோ!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த ஜோக் எவ்வளவு தூரம் போகப் போகிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் கவலை சத்தம். அந்தப் பக்கம் சிக்னல் கம்மி. இந்தப் பக்கம் என் காது கம்மி. நடுவில் அண்ணனின் ஆட்டோ. ஒரு பெண்ணிடம் முதல் முதலாகப் பேசும்போது, அவர் சொல்வது ஒவ்வொன்றுக்கும் "ஆங்? ஆங்?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் யார் கட்டிக்கொள்வார்கள்? கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு மொபைல் கடைக்குப் போனேன்.

"வெளி சத்தம் வராத ப்ளூடூத்து ஒண்ணு வேணும்" என்றேன்.

"பாட்டு கேக்கவா, பேசவாண்ணா?" என்றார் கடைக்காரர்.

"பேச."

"ஆபீஸ் மீட்டிங்கா?"

"பொண்ணு பாக்க."

ஸ்க்ரீன் கார்டு ஒட்ட வந்து நின்றிருந்தவர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கடைக்காரர் மரியாதையாக உள்ளே போய், காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்றை எடுத்துவந்தார். இரண்டு காதிலும் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது. மாட்டிவிட்டு ஒரு பட்டனை அழுத்தினார்.

அதை எப்படிச் சொல்வது? மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் ஃபேன் இல்லை. வெளியே லாரி போனது, ஆனால் லாரி இல்லை. கிணற்றில் முங்கி அடியில் உட்கார்ந்தால் காதை ஒரு அமைதி வந்து அமுக்குமே, அது. உற்றுக் கேட்டால் அந்த அமைதிக்குள்ளேயே மெல்லிய ஒரு 'ஸ்ஸ்ஸ்', தூரத்தில் யாரோ அரிசி களைகிற மாதிரி. வருஷக்கணக்காக மில்லுக்குள் இருந்தவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்து ஏதோ பேசினார். சிரித்த முகமாகத்தான் பேசினார். நானும் சிரித்தேன். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களோடு சேர்ந்து இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

கழற்றிவிட்டு, "இன்னா சொன்னேன், சொல்லுங்க பாப்போம்?" என்றார்.

"தெரியலையே, கேக்கல."

"உங்கள திட்னேண்ணா. கெழட்டு மாப்ள, மை டப்பா மண்டன்னு நல்லா திட்னேன். ஒரு சொட்டு உள்ள வந்துதா?"

"வரலையே!" என்றேன், அவ்வளவு சந்தோஷத்தோடு.

"அதாண்ணா குவாலிட்டி."

திட்டியதற்குப் பணமும் கொடுத்து, பில்லும் வாங்கிக்கொண்டு வந்தவன் அந்தக் கடை வரலாற்றில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

வீட்டில் வந்து எல்லாருக்கும் விளக்கினேன். "இத்த மாட்டிக்கினா வெளி சத்தம் ஒண்ணும் இருக்காது. நீங்க பாட்டுக்கு பேசிக்கினு இருங்க, எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல." அம்மா நம்பவில்லை. என்னை மாட்டிக்கொள்ளச் சொல்லி, பின்னால் போய் நின்று சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்துப் பார்த்தார். நான் திரும்பவில்லை. "மெய்தாண்டி, அசல் செவுடு மாதிரியே இருக்கறான்" என்றாராம் அண்ணியிடம். அண்ணி எனக்குச் சொன்னார்.

நான் தனியாக மாடிக்குப் போய்ப் பேசிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அம்மா விடவில்லை. "பொண்ணு பாக்கறதுன்னா நாலு பேரு ஒக்காந்து இருந்தாதான்டா மொறை. திருட்டுத்தனமா மொட்ட மாடியில பேசறதுக்கு நீ இன்னா காலேஜா படிக்கற?" என்றார். முறை என்றால் முழு முறை. பெண் வீட்டில் கொடுக்க வேண்டிய சொஜ்ஜியையும் பஜ்ஜியையும் எங்கள் வீட்டிலேயே அண்ணி செய்தார், எங்கள் வீட்டுக்காரர்களே தட்டில் வைத்து எங்களுக்கே கொடுத்துக்கொண்டோம். மாமா வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார். யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை. அம்மா, மாமா, அண்ணி மூன்று பேரும் எனக்குப் பின்னால் பாயில் உட்கார்ந்தார்கள். கவனம் சிதறக் கூடாது என்று நான் சுவரைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். முந்தின நாளே தலைக்குச் சாயமும் போட்டிருந்தேன். போனுக்கு எதற்குச் சாயம் என்று நீங்கள் கேட்கலாம். வீடியோ காலாக இருந்தால்?

வீடியோ காலாகத்தான் ஆரம்பித்தது. படத்தில் ஒரு ட்யூப் லைட்டும் பாதி நெற்றியும் வந்து அப்படியே நின்றுவிட்டன. "சிக்னல் நிக்கலீங்க, சாதா காலா பண்றேன்" என்று குரல் மட்டும் வந்தது. சாதா கால் வந்தது. எடுக்கும் முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். என் போனில் கால் ரெக்கார்ட் ஆகிற வசதி உண்டு. அதை ஆன் பண்ணினேன். வேறெதற்கும் இல்லை. அந்தக் குரலைப் பிறகு எடை மேடையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பக் கேட்கலாம் என்று. காதல்.

அந்த ஹெட்போனில் ஒரு விசேஷம். பாட்டுப் போட்டால் தேன். போன் வந்தால் அதே சாமான் தகர டப்பா ஆகிவிடும். ஆனால் அந்தத் தகரத்திலும் அவர் குரல் நன்றாக இருந்தது. மில்லும் இல்லை, ஆட்டோவும் இல்லை, வீடும் இல்லை. உலகத்தில் நானும் அந்தக் குரலும் மட்டும்.

"சாப்டீங்களா?"

"ம்."

"மலையில குளிருங்களா?"

"இருக்குங்க. ஜாஸ்தி இல்ல."

"எங்க அண்ணன்தான் அந்த மரத்த எல்லாம் போட்டாரு. இல்லன்னா நேர்லயே வந்திருப்பேன்."

"ம்."

பெண்களிடம் பேசிப் பழக்கம் இல்லாதவனுக்கு ஜோக்குதானே துணை? எடுத்துவிட்டேன். "எங்க அண்ணன் ரோட்ல ஒக்காந்து பங்கு கேக்கறாருங்க. நான் சொன்னேன், அப்படியே கல்யாணம் ஆவாத பசங்களுக்கும் தனியா ஒரு ஒதுக்கீடு கேட்டு வாங்குண்ணான்னு."

சிரித்தார். சும்மா மூக்கால் இல்லை, வாயைப் பொத்தியும் அடங்காத சிரிப்பு. எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. அதற்குப் பிறகு வெட்கம் போல, பேச்சு சுருங்கிவிட்டது. "ம்"கூடக் குறைந்துபோனது. நடுவில் ஒரு ஆம்பளை இருமல் கேட்டது. மலைக் குளிர், அப்பாவுக்குச் சளி என்று நினைத்துக்கொண்டேன். போன் ஸ்பீக்கரில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் உற்சாகமாகப் போய்க்கொண்டே இருந்தேன். "எங்க வூட்ல எல்லாரும் சொக்கத் தங்கம்ங்க. உங்கள பத்திதான் நல்ல விதமா பேசிக்கினு இருக்காங்க. வந்து பாருங்க, கையில வெச்சி தாங்குவாங்க."

மறுபடியும் அந்த இருமல்.

"என்ன பத்தி எதுனா கேக்கணுமாங்க?"

"இல்லீங்க. வெச்சிடறேன்."

ஹெட்போனைக் கழற்றித் திரும்பினேன். மூன்று பேரும் பாயில் நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தார்கள். மாமா வாயில் பஜ்ஜி. "அடக்கமான பொண்ணு. ஒரு கேள்வி கேக்கல" என்றேன். "அப்படித்தான்டா இருக்கணும்" என்றார் அம்மா.

மறுநாளிலிருந்து அந்த ஒதுக்கீடு ஜோக்கை மில்லில் சொல்லாத ஆள் இல்லை. லாரி டிரைவர், க்ளீனர், மூட்டை தூக்குகிறவர் எல்லாரிடமும் சொன்னேன், "அதுக்கு அவங்க சிரிச்சாங்க பாரு" என்ற இடத்தில் நிறுத்தி, நானும் சிரித்துக் காட்டுவேன். பதில் மட்டும் வரவில்லை. தரகருக்குப் போன் போட்டால் ரிங் போகும், எடுக்கமாட்டார். ஒரு தடவை தவறி எடுத்தவர், "பேசிட்டு சொல்றோம்னாங்க தம்பி, நீ இன்னா பேசித் தொலைச்ச?" என்றார். "ஜோக்கு சொன்னேன்" என்றேன். வைத்துவிட்டார்.

ஒரு நாள் மரங்களை இழுத்துப் போட்டு ரோட்டைத் திறந்தார்கள். மலைக்குப் பஸ் ஓடியது. இனி தரகரை நம்பிப் பயன் இல்லை, நேரில் போய் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை. ஜன்னல் சீட்டு கிடைத்தது. பஸ் மலை ஏறத் தொடங்கியதும் கழுத்தில் கிடந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அந்தச் சிரிப்பை ஒரு தடவை கேட்டுக்கொண்டு போனால் தைரியமாக இருக்கும் என்று தோன்றியது. அதுவரை ரெக்கார்டைத் திறக்கவே இல்லை. நல்ல பலகாரத்தை ஒளித்துவைத்து மோந்து பார்ப்பது போல வைத்திருந்தேன்.

முதலில் வந்தது கருக், முருக். மாமாவின் பஜ்ஜி.

என் குரல் எங்கோ பானைக்குள்ளிருந்து வந்தது. அவர் குரல் தகரம். இரண்டுக்கும் பின்னால், இல்லை, முன்னால், என் மடியில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி என் வீட்டார். அவ்வளவு சுத்தம்.

"நெத்தியே இப்படி கறுப்பா இருக்குது, மூஞ்சி எப்படி இருக்குமோ" என்கிறார் அம்மா.

"இவன் மூஞ்சிக்கு போன்லதான்கா பொண்ணு கெடைக்கும். நேர்ல பாத்தா ஓடிப்பூடும்" என்கிறார் மாமா.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. வெளிச் சத்தம் உள்ளே வராது என்றார். போகாது என்று அவர் எப்போது சொன்னார்? வருகிற லாரியைத் தனியாகவும் போகிற லாரியைத் தனியாகவும் எடை போட்டுச் சம்பளம் வாங்குகிறவன், வருவதும் போவதும் வேறு வேறு என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். என் காதை மூடியதே தவிர, அந்தச் சாமான் மைக்கை மூடவில்லை. கேட்கக் கேட்க அந்த மைக்கின் குணம்கூடப் புரிந்தது. நான் பேசும்போது மற்ற சத்தத்தைக் கொஞ்சம் அமுக்கிவைக்கிறது. நான் நிறுத்தி, அவர் பேசுவதை மரியாதையாகக் கேட்க ஆரம்பித்ததும், அதற்கு வேலை இல்லை. வேறென்ன கிடைக்கும் என்று காதை நீட்டிக்கொண்டு பாய்ப் பக்கம் போய்விடுகிறது.

"முப்பத்து மூணாம். அதுல பொய் எத்தினியோ. இன்னாத்துக்கு அந்தக் கல்யாணம் நின்னுச்சோ" என்று அம்மா.

"நாம மட்டும் இவருக்கு முப்பத்தி ரெண்டுன்னுதான சொல்லியிருக்கோம் அத்தை?" என்று அண்ணி.

"மேனேஜருன்னு வேற சொல்லியிருக்குது. லாரிக்கு சீட்டு கிழிக்கறவன் மேனேஜருன்னா, நான் கலெக்டரு" என்று மாமா. இதற்கு மூன்று பேரும் சிரிக்கிறார்கள். அதே இடத்தில் பானைக்குள்ளிருந்து நான், "மலையில குளிருங்களா?"

பஸ் வளைந்து வளைந்து ஏறியது. என் ஜோக் வரும் இடத்துக்காகக் காத்திருந்தேன். அதையாவது யாரும் தொட முடியாது இல்லையா? வந்தது. "எங்க அண்ணன் ரோட்ல ஒக்காந்து பங்கு கேக்கறாருங்க. நான் சொன்னேன்..." அந்த இடத்தில் மூச்சு வாங்கியிருக்கிறேன். அந்த இடைவெளியில் அண்ணி, "தலகாணி உறை தொவைக்கறது நானுங்க. சனிக்கெழம ஆனா போதும், கிண்ணத்துல மை கரைச்சிக்கினு ஒக்காந்துடுவாரு. பாதி தலையில, பாதி காதுல. அதான் காதும் கேக்கல போல" என்கிறார்.

சிரிப்பு அங்கேதான் வருகிறது. நான் ஒதுக்கீடு என்ற வார்த்தையையே இன்னும் சொல்லவில்லை.

அந்த இடத்தைத் தள்ளித் தள்ளித் திரும்பக் கேட்டேன். ஒரு தடவையாவது என் ஜோக்குக்குப் பிறகு சிரித்துவிடமாட்டாரா என்று. மாட்டார். எத்தனை தடவை ஓட்டினாலும் ரெக்கார்டு ரெக்கார்டுதான்.

பிறகு அம்மா உள்ளே போயிருக்க வேண்டும், பாத்திரச் சத்தம் தள்ளிக் கேட்டது. அண்ணி குரலைத் தாழ்த்தி மாமாவிடம் பேசுகிறார். தாழ்ந்த குரல் என்றால் அந்த மைக்குக்கு உயிர் போலிருக்கிறது. "என் தங்கச்சிய கேட்டு அனுப்பினாங்களே இவருக்கு, ஞாபகம் இருக்குதா? ஜாதகம் சரியில்லன்னு எங்கப்பா சொன்னாரே. ஜாதகம் எல்லாம் சரியாதான் இருந்துச்சி. நான்தான் வேணாம்னேன். நான் இருக்கற வூடு எனக்கு தெரியாதா?" அந்த ஜாதகத்துக்காக நான் திருநள்ளாறு போய்விட்டு வந்தவன். எள் விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன். அதை நினைத்ததும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் சாமை மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர் என் கையைத் தட்டினார். கழற்றினேன்.

"இன்னா படங்க?" என்றார்.

"காமெடிங்க" என்றேன்.

"பொம்மை எதுவும் வரலையே?" என்று போன் திரையை எட்டிப் பார்த்தார்.

"காதுலயே ஓடுதுங்க."

திரும்ப மாட்டிக்கொண்டேன். மாட்டாமல் இருந்திருக்கலாம். அம்மா பாய்க்குத் திரும்பிவிட்டார். பானைக்குள் நான், "எங்க வூட்ல எல்லாரும் சொக்கத் தங்கம்ங்க" என்று ஆரம்பித்து மூச்சு விட்டேன். மைக் திரும்பிக்கொண்டது.

"நர்சா இருந்தா எனக்கின்னா, ராணியா இருந்தா எனக்கின்னா? என் மூட்டு இன்னும் எத்தினி நாளைக்கு தாங்கும்? படுத்துட்டன்னா பீ மூத்திரம் அள்ள ஒரு ஆளு வேணும். பழக்கப்பட்ட கை. அதுக்குத்தான் சரின்னேன். இவனுக்காகவா சரின்னேன்?"

"உங்கள பத்திதான் நல்ல விதமா பேசிக்கினு இருக்காங்க" என்று நான்.

தெரு முனையில் ஆட்டோ கிளம்பியிருந்தது. ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது: "பிச்சை கேக்கல! பங்கு கேக்கறோம்!" பிறகு அந்த இருமல். அது சளி இருமல் இல்லை. போன் ஒரு கூடத்தின் நடுவில் இருந்திருக்கிறது. அதைச் சுற்றி ஒரு அப்பா, ஒரு அம்மா, ஒரு பெண்.

அம்மா என்னை அடித்தெல்லாம் வளர்த்ததில்லை. எனக்கு முள் எடுத்த மீன்தான் தட்டில் வைப்பார், இப்போதும். அதனால்தான் 'இவனுக்காகவா' என்ற அந்த ஒரு வார்த்தையைச் சரியாகக் கேட்டேனா என்று பார்க்க மறுபடி ஓட்டினேன். சரியாகத்தான் கேட்டிருந்தேன். சவுண்டு குவாலிட்டியில் ஒரு குறை சொல்ல முடியாது.

கரியாலூருக்கு முன்னால் ஒரு வளைவில் போனைப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. ஏன், மலை! சிக்னலே இல்லாத மலை! வீடியோ நின்றுபோனது இல்லையா? அந்தப் பக்கம் பாதி வார்த்தை போயிருக்காது. அந்தச் சிரிப்புக்கூட வேறெதற்காவது இருக்கலாம், பக்கத்தில் பூனை கீனை ஏதாவது செய்திருக்கலாம். அதிலிருந்து ஒவ்வொரு வளைவிலும் போனை எடுத்துப் பார்த்தேன். கோடு மறைந்தால் சந்தோஷம், ஒரு கோடு வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துக்கொள்வேன். உலகத்திலேயே சிக்னல் கிடைக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு பஸ்ஸில் போனவன் நான்தான். வெள்ளிமலையில் இறங்கியபோது பாதிக்கு மேல் நம்பியிருந்தேன்.

சுகாதார நிலையத்தில் கூட்டம். சும்மா போய் அவரைப் பார்க்கணும் என்றால் விடுவார்களா? வரிசையில் நின்று ஓ.பி. சீட்டு வாங்கினேன். சீட்டுப் போடுகிறவர் தலை நிமிராமல், "இன்னா தொந்தரவு?" என்றார்.

வாயில் அதுதான் வந்தது. "காது சரியா கேக்கலீங்க."

டாக்டர் ஏதோ கிராமத்துக்கு முகாம் போயிருந்தார். பெஞ்சில் நகர்ந்து நகர்ந்து போய் நர்சு மேஜைக்கு வந்து சேர்ந்தேன். அதே மாஸ்க், அதே கண். பேசும்போதுதான் தெரிந்தது, தகரம் இல்லாத குரல் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று.

"எந்தக் காதுங்க?"

"ரெண்டும்" என்றேன்.

மில் குரல். கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. அந்தக் கண் முதலில் என் கழுத்தில் தொங்கிய ஹெட்போனைப் பார்த்தது, பிறகு என் தலைமுடியைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

"நான் கள்ளக்குறிச்சிலேர்ந்து... அன்னைக்கி போன்ல..."

"தெரியுதுங்க."

எனக்குப் பின்னால் குழந்தையைத் தோளில் போட்ட ஒரு அம்மா ஒரு அடி முன்னால் வந்து நின்றார். எனக்கு அவ்வளவுதான் நேரம் என்று புரிந்தது.

"மலையில சிக்னல் ரொம்ப கம்மி இல்லீங்களா?" என்றேன்.

"கம்மிதாங்க" என்றார்.

என் நெஞ்சில் விளக்கு எரிந்தது. வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த கேள்வி ஒன்று இருந்தது. கேட்கவில்லை என்றால், என்னைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம், காதில் ஒன்றும் விழவில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டால், எது வேண்டுமோ அதை அவரே எடுத்துக்கொள்ளட்டும். முடிந்தவரை குரலைத் தாழ்த்தி, முகத்தில் ஒரு சிரிப்பையும் ஒட்டவைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டேன்.

"அன்னைக்கி நீங்க ஒண்ணுமே கேக்கலையேங்க?"

"எல்லாம் கேட்டுச்சு, அடுத்த ஆளு வாங்க."